சாரலுக்கு முன் ஒரு படம்: பேஸ்டல் கேள்வி-பதில்

பாபநாசம் மலைமேல் ஆனி மாத மேகம் இறங்குவதை வரைய உட்கார்ந்தால், பாதி முடிவதற்குள் காட்சியே மாறிவிடுகிறது. (அம்பாசமுத்திரம் வாசகி)

மாறத்தான் செய்யும், அதைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். முதல் 2 நிமிடம் பென்சிலில் தீப்பெட்டி அளவுக் கட்டம் ஒன்று போட்டு, அடர்த்தி, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்றே நிறச்சாயலில் காட்சியைக் குறித்துவிடுங்கள். அப்புறம் வெயிலே வந்தாலும் அந்தக் கட்டம் சொல்வதுதான் சட்டம்.

பேஸ்டல் குச்சியை (சாக்பீஸ் போல் பொடி உதிரும் நிறக்குச்சி) ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, படுக்கவைத்துத் தேயுங்கள். முனையால் கோடு இழுத்தால் மலையை முடிப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள். மேகத்துக்குக் கீழே இருண்டு கிடக்கும் மலையடிவாரம் முதலில். அடுத்து, மேகம் கிழிந்து வெளிச்சம் விழும் இடம். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் தானாக அமையும். கடைசி 5 நிமிடத்தை மேகம் சிகரத்தை மறைக்கும் விளிம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கூர்மையாக விட்டு, மறுபக்கத்தை விரலால் லேசாகக் கலைத்தால் போதும்.

வயல் என்றதும் கிளிப்பச்சையை எடுக்கிறார்கள், என் மாணவர்கள் உட்பட. மேக நிழலில் நாற்று நீலச்சாம்பலாகத்தான் தெரியும். வெயில் பட்ட ஒரு துண்டு வரப்புக்கு மட்டும் அந்தப் பச்சை.

தேரிக்காட்டுச் செம்மணலை வரைய எந்தத் தாள்? (திசையன்விளை)

வெள்ளைத்தாள் வேண்டாம். செம்பழுப்புத் தாளில் நீங்கள் தொடாமல் விட்ட இடமே மணலாகிவிடும், பாதி வேலை மிச்சம். பழகுவதற்குக் காக்கித்தாள் போதும், ஆனால் நாள்பட்டால் மக்கும். ஹார்டுவேர் கடை நைஸ் உப்புத்தாளும் நிறத்தை நன்றாகப் பிடிக்கும். குச்சியையும் தின்னும்!

ஆயில் பேஸ்டல் ஆகாதா?

ஆகும். தூசி இல்லை. ஆனால் நம்மூர் வெயிலில் இளகும், முழுசாகக் காயவும் காயாது. பொடி பேஸ்டலையும் இதையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

மாலை வானத்தை போட்டோ எடுத்து வீட்டில் வரையலாமா? (வள்ளியூர்)

நமக்கு மேற்கே மலை. நாள்காட்டி நேரத்துக்கு முன்பே சூரியன் ஒளிந்துகொள்ளும், அதனால் அவசரம் புரிகிறது. ஆனால் வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்த போட்டோவில் மலை வெறும் கறுப்பாகிவிடும், கண்ணுக்குத் தெரிந்த ஊதா அதில் இருக்காது. அந்த ஊதாவை மட்டும் அங்கேயே ஒரு துண்டுத்தாளில் தேய்த்துக்கொண்டு வாருங்கள்.

படத்தில் சாரல் பட்டுவிட்டால்?

துடைக்காதீர்கள். மணிமுத்தாறில் நான் அவசரப்பட்டுத் துடைத்ததில் வானம் சேறானது. காயவிட்டு, மேலே ஒரு பூச்சு கொடுங்கள். ஃபிக்ஸேட்டிவ் (நிறப்பொடி உதிராமல் பிடிக்கும் ஸ்ப்ரே) அடித்தால் வெளிர்நிறம் மங்கும், அதனால் நான் அடிப்பதில்லை. பட்டர் பேப்பர் மூடி எடுத்துவந்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே அட்டை வைத்து ஃப்ரேம் போடுகிறேன்.