15 வயதில் ஓயாத நெஞ்செரிச்சல்: மாத்திரை ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, எடை 54 கிலோ. எட்டு மாதமாக நெஞ்செரிச்சல். சாப்பிட்டபின் புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறது என்கிறான். எரிச்சல் அதிகமான நாட்களில் பான்டோபிரசோல் 40 மி.கி. கொடுக்கிறோம். சில வாரம் விடாமல் கொடுத்தபோது குறைந்தது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. காலையில் சாப்பிடாமலே பள்ளிக்கு ஓடுவான். இரவு ஒன்பதரைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, பத்து மணிக்கு முகப்பருவுக்கான டாக்ஸிசைக்ளினைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவான். மூன்று தலையணை வைத்தும் பயனில்லை. வாழ்நாள் முழுவதும் மாத்திரைதானா?

பதில்: அப்படி நினைக்க உங்கள் கடிதத்தில் எந்தக் காரணமும் இல்லை. மாத்திரை தோற்றுப்போனதாகவும் தெரியவில்லை. அது முழுதாக வேலை செய்யவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதை விளக்கும் முன் ஓர் அவசர விஷயம்.

டாக்ஸிசைக்ளினைப் படுக்கும் நேரத்தில் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பகலில், உணவோடு, முழு டம்ளர் தண்ணீரில் (200 மி.லி.க்குக் குறையாமல்) நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்கட்டும். பிறகு ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. எச்சில் விழுங்கும்போதே நெஞ்சின் நடுவில் வலிக்கிறது என்றால் அதைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, தோல் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இனி பான்டோபிரசோல். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் உண்டு. வெறும் வயிற்றில் அவற்றில் பெரும்பகுதி உறங்கிக்கொண்டிருக்கும். உணவு வந்ததும் விழிக்கும். இந்த மருந்து விழித்திருக்கும் பம்பைத்தான் பூட்டும். ரத்தத்திலோ அது சில மணி நேரமே தங்கும். காலை ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு மதியம்தான் சாப்பிடுகிறான் என்றால், பம்புகள் விழிக்கும் வேளையில் மருந்து போய்விட்டிருக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டாலும் இதே கதைதான்: மருந்து உறிஞ்சப்பட்டு வருவதற்குள் அமிலம் சுரந்து முடிந்திருக்கும்.

ஆகவே எழுந்ததும் மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காலை உணவு. அளவு சிறிதானாலும் உண்மையான உணவாக இருக்க வேண்டும். காலையில் சாப்பிடவே முடியாது என்றால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரவு உணவுக்கு அரை மணி முன்பாக மாற்றலாம். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மேலுறை உடைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும்.

தினமும் ஒரே நேரத்தில் போட்டால்தான் முழுப் பலன் தெரியும், அதற்கே மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். எரிச்சல் வந்த அன்று மட்டும் போடும் பழக்கம் இந்த மருந்துக்குப் பொருந்தாது. நான்கு முதல் எட்டு வாரம் ஒழுங்காகக் கொடுங்கள்.

நிறுத்தியதும் முன்னைவிட மோசமானது உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. பல வாரங்கள் பூட்டிவைத்த பிறகு திடீரென்று திறந்தால் இரைப்பை கொஞ்ச காலம் வழக்கத்தைவிட அதிகமாகவே அமிலம் சுரக்கும். சில வாரங்களில் அது தானாக அடங்கும். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மாத்திரையைத் தொடர்வதால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அதிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். எட்டு வாரம் முடிந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இரண்டு வாரம் கொடுத்து நிறுத்துங்கள். இடையில் எரிச்சல் வந்தால் ஆல்ஜினேட் சிரப் கைகொடுக்கும். அது இரைப்பையில் உணவின்மேல் நுரைபோல் மிதந்து அமிலம் மேலேறாமல் தடுக்கிறது. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும்தான் அதைக் குடிக்க வேண்டும். டாக்ஸிசைக்ளினுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் முகப்பரு மருந்து உடலில் சரியாகச் சேராது.

பான்டோபிரசோலோடு டாம்பெரிடோன் என்ற வாந்தி நிறுத்தும் மருந்து சேர்ந்த கேப்சூலை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடிய மருந்து டாம்பெரிடோன். எதுக்களிப்புக்கு மட்டும் என்றால் அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியம் இந்தப் பையனுக்கு இல்லை.

பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்குமே தவிர, எதுக்களிப்பதை நிறுத்தாது. உணவுக்குழாயின் அடியில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. இரைப்பை உப்பி விரியும்போது அது அடிக்கடி சில விநாடிகள் தானாகத் திறந்துகொள்ளும். ஒன்பதரைக்கு நிறையச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுத்தால், தசை மிகுதியாகத் திறக்கும் நேரத்தில் உடலும் கிடையாகிவிடுகிறது. கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் தேவை. வளரும் பிள்ளையைப் பசியோடு படுக்கச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிகிறது. மாலை ஆறு மணிக்கே பெரிய உணவைக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்குள் எளிதாகச் சிறிது கொடுங்கள். காலை உணவு ஒழுங்கானால் இரவுப் பசி தானே குறையும்.

தலையணைகளை எடுத்துவிடுங்கள். அவை கழுத்தை மட்டும் தூக்கி உடலை இடுப்பில் மடக்குகின்றன. வயிறு அழுந்தி எதுக்களிப்பு கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு உறுதியான மரக்கட்டை வைத்தால் முதுகு முழுவதும் சாய்வாகும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழகட்டும். அப்படிப் படுக்கும்போது இரைப்பை கீழேயும் உணவுக்குழாயின் வாய் மேலேயும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் நிலை தலைகீழாகும்.

உணவில் நீண்ட தடைப்பட்டியல் தர எனக்கு மனமில்லை. வளரும் வயதில் அது எடையைத்தான் குறைக்கும். சோடா, எனர்ஜி டிரிங்க், காபி, இரவில் சாக்லேட், பொரித்தவை ஆகியவற்றை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மற்றதில் எது அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். புளித்த நீர் வந்ததும் பல் துலக்க வேண்டாம், அமிலத்தில் ஊறிய எனாமல் தேய்ந்துபோகும். வெறும் நீரில் வாய் கொப்பளித்து அரை மணி பொறுக்கட்டும். புகை, வேப், மது பற்றி மருத்துவர் அவனிடம் தனியாகக் கேட்க இடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே, குமட்டல் இல்லாமல், புளிப்பில்லாத உணவு வாய்க்கு வந்து, அதை மறுபடி மென்று விழுங்குகிறானா? தூக்கத்தில் அது வருவதே இல்லையா? அப்படியானால் இது அசை போடுதல் என்கிற வேறு பிரச்சினை. அமில மாத்திரை எதுவும் அதற்குப் பலிக்காது. வயிற்றால் மூச்சுவிடும் பயிற்சிதான் அதற்குச் சிகிச்சை. ஒரு கை மார்பில், ஒரு கை வயிற்றில் வைத்து, வயிற்றுக் கை மட்டும் எழும்படி மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விட வேண்டும். உணவு முடிந்ததும் பத்து நிமிடம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையும் உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத் தசைக்குத் துணை நிற்பதால், சாதாரண எதுக்களிப்புக்கும் இது உதவும்.

திட உணவு நெஞ்சில் சிக்குகிறதா, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறானா, எல்லோரும் எழுந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறானா, ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உண்டா? ஆம் என்றால் ஈயோசினோஃபில் என்ற ரத்த வெள்ளையணுக்களால் வரும் உணவுக்குழாய் அழற்சியாக இருக்கலாம். எண்டோஸ்கோபியில் திசு எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். கண்ணுக்குச் சுவர் சரியாகத் தெரிந்தாலும் திசு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், பச்சை நிற வாந்தி, ஓடும்போது நெஞ்சுவலி, விழுங்கியது அடைத்துக்கொண்டு இறங்காமல் நிற்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எடை குறைவது, ரத்தசோகை, சாப்பிட்டதும் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுப்பது ஆகியவற்றுக்கும் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லாமல், எட்டு வாரம் நேரம் தவறாமல் மாத்திரை போட்டும் எரிச்சல் குறையவில்லை என்றால், குழந்தைகளுக்கான குடல், இரைப்பை நிபுணரைப் பாருங்கள். இரைப்பையில் தங்கும் எச்.பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தால், இரண்டு வாரம் முன்பே பான்டோபிரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கையில் இருக்கட்டும்: மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, படுத்த மணி, எரிச்சல் வந்த மணி. அதை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.