வரம்புள்ள பிணைப்புப் பரிமாணத்தை மாறுநிலைப் புள்ளியில் நம்பலாமா?

ஒரு குவாண்டம் அமைப்பு ஒரு நிலைமையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாறுநிலைப் புள்ளியில், துகள்களை ஒன்றோடொன்று இணைக்கும் குவாண்டம் பின்னல் எல்லையின்றி வளரும்போது, வரம்புள்ள பிணைப்புப் பரிமாணம் கொண்ட அணிப்பெருக்க நிலையால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். (சங்கிலியின் முழு நிலையையும் துகளுக்குத் துகள் அணிகளின் பெருக்கமாக எழுதுவதே அணிப்பெருக்க நிலை; அந்த அணிகளின் அளவே பிணைப்புப் பரிமாணம்.) இந்த முறை அங்கே செல்லாது என்று யாரோ உங்களிடம் உறுதியாகச் சொல்லியிருப்பார்கள் என நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு கருத்தரங்கில் குறுக்குப் புல ஐசிங் சங்கிலியை, அதாவது குறுக்கான காந்தப்புலத்தில் வரிசையாக நிற்கும் சுழற்சிகளின் எளிய மாதிரியைப் பற்றிப் பேசியபோது, மூத்த ஆய்வாளர் ஒருவர், "உங்கள் நிலையின் ஒட்டுறவு நீளமே முடிவுள்ளது, அது எப்படி மாறுநிலை ஆகும்?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் அமர்ந்தார். ஒட்டுறவு நீளம் என்பது துகள்களுக்கிடையே தொடர்பு நீடிக்கும் தொலைவு; மாறுநிலையில் அது முடிவின்றி இருக்க வேண்டும். அவர் சுட்டியது உண்மை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. பிணைப்புப் பரிமாணத்தைப் படிப்படியாக உயர்த்தினால் ஒட்டுறவு நீளம் ஓர் அடுக்கு விதிப்படி வளர்கிறது. முடிவிலாச் சங்கிலியை ஓரிடத்தில் வெட்டிக் கணக்கிடும் பின்னல் என்ட்ரோபியை (இரு பகுதிகளுக்கிடையேயான பின்னலின் அளவை) அந்நீளத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்தால், கோட்டின் சாய்வு, மாறுநிலையின் வகையைக் குறிக்கும் எண்ணான சென்ட்ரல் சார்ஜில் ஆறில் ஒரு பங்காக அமைகிறது. ஐசிங்கில் அந்த எண் 1/2. ஆகவே சாய்வு 1/12. என் வரைபடத்தில் அந்தக் கோடு திரையிலேயே இருந்தது. வரம்பு என்பது இங்கே பிழையன்று, நாமே கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு நீள அளவு என்பதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

துல்லியத் தீர்வு உள்ள மாதிரியில் இதைக் காட்டுவது பெரிதா என்று சிலர் கேட்கக்கூடும். விடை தெரிந்த இடத்தில் சோதிக்காத முறையை விடை தெரியாத இடத்தில் எப்படி நம்புவது?

செலவும் சிறிதன்று. பரிமாணத்தை இரட்டித்தால் கணக்கீடு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. அதே இரட்டிப்பில், ஐசிங்கில் ஒட்டுறவு நீளம் ஏறத்தாழ நான்கு மடங்கு வளர, சென்ட்ரல் சார்ஜ் 1 உள்ள சங்கிலியில் இரண்டரை மடங்கே வளர்கிறது. இதற்கு மாற்றாக, இயற்பியலாளர் விடால் 2007-இல் முன்வைத்த மேரா (MERA) என்னும் பல அடுக்கு வலையமைப்பு, குறுந்தொலைவுப் பின்னலை ஒவ்வோர் அளவிலும் நீக்கிக்கொண்டே செல்வதால், அடுக்கு விதி ஒட்டுறவுகளைத் தன் கட்டமைப்பிலேயே தாங்குகிறது. ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டிரண்டு தளங்களை ஒன்றாக்கும் அதன் இரும வடிவத்தில் செலவு பரிமாணத்தின் ஒன்பதாம் அடுக்காக ஏறுகிறது.

என்னை உண்மையில் வருத்துவது, எட்டிய மிகப் பெரிய பரிமாணத்தின் ஒரே எண்ணை மட்டும் தந்து முடித்துவிடும் கட்டுரைகள். இடைப்பட்ட எண்கள் இல்லாவிட்டால் சாய்வை எவரும் சரிபார்க்க முடியாது. குறிப்பாக ஹைசன்பர்க் சங்கிலியில் (சென்ட்ரல் சார்ஜ் 1 உள்ள ஒரு சுழற்சிச் சங்கிலி) நீளத்தின் மடக்கையைப் பொறுத்த திருத்தங்கள் மிக மெதுவாகவே தேய்வதால், அங்கே ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.