விமானம் ஓட்டத் தெரிந்தவர் எல்லோரும் கற்றுத்தரலாமா? (கேள்வி-பதில்)

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில், பயிற்சி அளிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறேன்.

என் அலுவலக நண்பர் ஒரு பிரைவேட் பைலட், அதாவது சொந்தத் தேவைக்குப் பறக்க உரிமம் பெற்றவர். 600 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மணிக்கு 80 டாலர் வாங்கிக்கொண்டு தம் சொந்த செஸ்னா சிறு விமானத்தில் எனக்குச் சொல்லித்தருகிறார். பள்ளியில் இதைப் போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். இதுவரை 12 மணி நேரம் பறந்துவிட்டேன். உரிமத் தேர்வுக்கு இது கணக்கில் வருமா? (ஆர்.எஸ்., டெக்சாஸ்)

பயிற்சி நேரமாக ஒரு நிமிடம்கூட வராது. பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வியை 12 மணி நேரம் முடிந்த பிறகு கேட்கிறீர்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ.யின் விதிகளில் 61.3 பிரிவைப் படித்துப் பாருங்கள். மாணவர் தனியாகப் பறப்பதற்கோ உரிமம் பெறுவதற்கோ தேவையான விமானப் பயிற்சியை, பயிற்றுநர் சான்றிதழ் இல்லாதவர் அளிக்கவும் கூடாது, அதற்காக லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில்) கையெழுத்திடவும் கூடாது. அந்தச் சான்றிதழைப் பெற விரும்புபவர் வழக்கமான பாதையில் கூலிக்குப் பறக்க அனுமதிக்கும் கமர்ஷியல் உரிமமும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க அனுமதிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் பெற்று, கற்பிக்கும் முறை குறித்த எழுத்துத் தேர்வில் தேறி, பின்னர் தேர்வாளரை அருகில் அமர்த்திப் பறந்தும் காட்ட வேண்டும். தரையிறங்கும் கடைசி நொடியில் மாணவர் பதற்றத்தில் விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிடுவார். விமானம் வேகம் இழந்து ஓடுபாதைக்கு மேலே மிதக்கும். அப்போது எந்தக் கணம் வரை பொறுத்திருக்க வேண்டும், எந்தக் கணத்தில் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பயிற்றுநருக்குரிய வலப்பக்க இருக்கையில் அமர்ந்து தனியாகப் பழகி வர வேண்டிய திறமை. இடப்பக்கத்தில் 600 மணி நேரம் பறந்ததால் மட்டும் அது வந்துவிடாது.

உங்கள் நண்பரும் சிக்கலில் இருக்கிறார். பிரைவேட் பைலட் கூலிக்குப் பறக்கக் கூடாது. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றை உடன் வருபவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றாலும், அவருக்குரிய பங்கை அவரே கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் வாங்குவது அவருடைய உரிமத்தையே பறிக்கக்கூடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் அது காரணமாகலாம். இன்றே நிறுத்திவிடுங்கள்.

கடந்த 2024 கோடையில் ஒரு பயிற்றுநரிடம் பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துக் கற்றேன். தேர்வு நாளன்று லாக்புக்கைப் பார்த்த தேர்வாளர், என் பயிற்சி தொடங்கும் முன்பே பயிற்றுநருடைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பயிற்றுநர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. (கே.எம்., நியூஜெர்சி)

உங்கள் கடிதம் என்னை வருத்தியது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தம் சான்றிதழ் எப்போது முடிகிறது என்பதை அறிந்திருக்க வேண்டியவர் அவர். அன்றைய விதிப்படி அது 24 மாதங்களில் முடிந்துவிடும். 2024 டிசம்பர் 1 முதல் சான்றிதழில் காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை என்றாலும், 24 மாதங்களுக்கு ஒரு முறை தகுதியைப் புதுப்பித்துக் காட்டும் கடமை அப்படியேதான் இருக்கிறது. முதலில் உங்கள் பகுதியிலுள்ள எஃப்.ஏ.ஏ. மாவட்ட அலுவலகத்துக்கு லாக்புக்கின் நகலுடன் எழுதுங்கள். அவர்கள் அவர்மீது நடவடிக்கை எடுக்கலாம், பணத்தை வாங்கித்தரமாட்டார்கள். பணத்துக்கு வேறு வழி தேட வேண்டும். தேதி குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள், கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் முறையிடுங்கள், பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போங்கள். செல்லாத பயிற்சியை விற்றார் என்பதற்கு அவர் கையெழுத்திட்ட லாக்புக் பக்கமே சாட்சி.

முன்பணம் என்ற வழக்கத்தைப் பற்றி நான் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். இரட்டை என்ஜின் தகுதிக்காக ஒரு பள்ளி என்னிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்த மாடல் விமானத்தில் 5 மணி நேரம்கூடத் தலைமை விமானியாகப் பறந்திராத ஒருவரைப் பயிற்றுநராக அனுப்பியது. அந்த 5 மணி நேரம் விதியே கேட்கும் குறைந்தபட்சம். நான் பறக்க மறுத்தபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டிப் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான டாலரை மொத்தமாகக் கேட்டு, அதற்குச் சிறு தள்ளுபடியைத் தூண்டிலாகக் காட்டும் பள்ளியிடம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பணம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு பள்ளிக்குப் போங்கள். எஃப்.ஏ.ஏ. இணையதளத்தில் பயிற்றுநரின் பெயரைத் தட்டினால் அவரிடம் உள்ள சான்றிதழ்கள் கட்டணமின்றித் தெரியும். லாக்புக்கில் அவர் எழுதும் எண்ணின் முடிவில் சி.எஃப்.ஐ. (சான்றிதழ் பெற்ற விமானப் பயிற்றுநர்) என்ற எழுத்துகள் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஒரே நாளில் 10 மணி நேரம் பறந்து பயிற்சியை முடித்துவிடலாம் என்கிறார் என் பயிற்றுநர். சரியா? (வி., ஃபுளோரிடா)

தொடர்ச்சியான எந்த 24 மணி நேரத்திலும் ஒரு பயிற்றுநர் 8 மணி நேரத்துக்கு மேல் விமானப் பயிற்சி அளிக்கக் கூடாது, மறுத்துவிடுங்கள்.

எழுபது வயதைத் தாண்டிய என் பயிற்றுநரிடம் மருத்துவச் சான்றிதழ் இல்லை. தேவையில்லை என்கிறார். (பி.என்., ஒஹாயோ)

உங்களிடம் என்ன உரிமம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பதில் முழுவதும் அதைப் பொறுத்தது. நீங்கள் ஏற்கெனவே உரிமம் பெற்றவராக இருந்து, அந்த விமானத்தில் நீங்களே தலைமை விமானியாகப் பொறுப்பேற்க முடியுமானால், அவர் சொல்வது பொதுவாகச் சரி. நீங்கள் இன்னும் மாணவர் என்றால் பறக்கும்போது பொறுப்பு அவருடையது. மருத்துவச் சான்றிதழோ, அதற்கு மாற்றாக 2017 முதல் நடைமுறையில் உள்ள பேசிக்மெட் தகுதியோ பொதுவாக அவருக்கு வேண்டும்.

வெப்பக்காற்று பலூன் கற்றுத்தருபவரிடம் பயிற்றுநர் சான்றிதழ் இல்லை. ஏமாற்றுகிறாரா? (எஸ்., நியூ மெக்சிகோ)

இல்லை. பலூன் ஓட்டக் கமர்ஷியல் உரிமம் பெற்றவர் அந்த உரிமத்தைக் கொண்டே கற்றுத்தரலாம்.

இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடம் சில மணி நேரம் கற்றிருக்கிறேன். இங்கே அது வீணா? (எம்.ஏ., கலிஃபோர்னியா)

வீண் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையில் இணைந்த நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்பு அங்கீகரித்த பயிற்றுநர், அமெரிக்காவுக்கு வெளியே அளித்த பயிற்சியை 61.41 பிரிவின்படி கணக்கில் சேர்க்கலாம்; இந்தியா அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு. ஆனால் அவருடைய கையெழுத்து பயிற்சி நடந்ததற்குச் சான்று மட்டுமே. உங்களைத் தனியாகப் பறக்க அனுப்பவும் தேர்வுக்குப் பரிந்துரைக்கவும் எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவர் தேவை. பழைய லாக்புக்கை முதல் வகுப்பன்றே அவரிடம் காட்டி, எத்தனை மணி நேரத்தை ஏற்கிறார் என்பதைக் கட்டணம் பேசுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.