வளவிலுள்ள மரத்தை வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார்: கொடுக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அப்பா எல்லை வழியே தேக்கு வைத்தார். பின்பக்கம் முன்னரே நின்ற முதிரை, பாலை, வேம்பு எல்லாம் உண்டு. இப்போது மர வியாபாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அத்தனைக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார். தறிக்கவும் ஏற்றவும் வேண்டிய பேமிட்டும் (அனுமதியும்) தானே எடுப்பாராம். அக்காவும் தம்பியும் கனடாவில். கொடுக்கலாமா, ஐயா?

பதில்: மரத்தைக் கொடுக்கலாம். மொத்தமாகக் கொடுக்க வேண்டாம், பேமிட் அலுவலை அவர் கையில் விடவே வேண்டாம்.

அவர் சொன்ன தொகை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அது நல்ல விலையா என்று நான் சொல்லியிருக்க முடியாது. அளக்காத மரத்துக்கு விலை கிடையாது. வியாபாரிக்கு இது தினசரி வேலை, மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே எத்தனை கன அடி தேறும் என்று கணக்குப் போட்டுவிடுவார். ஆகவே முதலில் நாடாவோடு நீங்களே காணிக்குள் இறங்குங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ரால் இலக்கம் போட்டு, நெஞ்சு உயரத்தில் சுற்றளவையும், நேராக நிற்கும் தண்டின் நீளத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

விற்கும்போது கணக்கு குற்றிக்குத்தான், அதாவது தறித்துத் துண்டு போட்ட தண்டுக்கு. குற்றியின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் பிரித்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் பிரித்தால் கன அடி. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 12 × 12 × 10, அதை 144ஆல் பிரிக்க 10 கன அடி. உண்மையில் அந்தக் குற்றியில் ஏறக்குறைய 12.7 கன அடி மரம் இருக்கும். இந்தக் கணக்கே அரியும்போது போகும் கழிவை முன்கூட்டிக் கழித்துவிடுகிறது என்று வையுங்கள். அதனால் ‘கழிவுக்கு இன்னும் கொஞ்சம் விடுங்கோ’ என்று யாராவது கேட்டால் அது இரண்டாவது கழிவு. அதே குற்றியை 44 அங்குலம் என்று பதிந்தால் கணக்கு 8.4 ஆகிவிடும். நாலு அங்குலம் குறைந்ததற்கு ஆறில் ஒரு பங்கு காசு போகிறது! பட்டையோடு அளக்கிறோமா, பட்டை நீக்கியா என்பதையும் விலை பேசும்போதே பேசி முடியுங்கள். விலைக்கு அளவுகோல் வேண்டுமென்றால் அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையத்தில் விசாரியுங்கள். அங்கே மர வகைக்கும் சுற்றளவுக்கும் ஏற்ப விலை மாறும். மெல்லிய தேக்கும் பருத்த தேக்கும் கன அடிக்கு ஒரே விலை போவதில்லை. வைரம் (உள்ளே முற்றிய பகுதி) குறைந்த மரத்தில் பாதி வெள்ளையாக இருக்கும், வண்டு குத்தும்.

இதனால்தான் எல்லாத் தேக்கையும் ஒரேயடியாகத் தறிக்காதீர்கள் என்கிறேன். நெருக்கமாக நிற்பவற்றில் வளைந்ததை, ஒடுங்கியதை, மற்றதன் நிழலில் கிடப்பதை எடுங்கள். மிச்சம் பருக்கும். தறித்த தேக்கின் அடியிலிருந்து திரும்பத் தளிர் வரும், அதில் நல்ல ஒன்றை மட்டும் விட்டால் அதுவும் மரமாகும். முதிரைக்கு நிலை, கதவு, தளபாடம் என்று எப்போதும் கிராக்கி இருக்கிறது. ஆனால் மெதுவாக வளர்வது, விதைக்கு ஒன்றிரண்டு பெரிய மரங்களை விட்டுவையுங்கள். பாலையை நான் விற்கச் சொல்லமாட்டேன். தண்ணீரில் போட்டால் அமிழும் அளவுக்குக் கனமான மரம், அரிவதற்கு மரக்காலைக்காரர் முகம் சுளிப்பார், கேட்கும் விலையும் அதற்கேற்றபடிதான். நின்றால் பழமாவது கிடைக்கும். கருங்காலி ஏதும் கண்ணில் பட்டால் கத்தி வைக்காதீர்கள். வீட்டுப் பக்கம் பலாவோ ஈரப்பலாவோ பெண்பனையோ நின்றால், 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைத் தறிக்கத் தனி அனுமதி வேண்டும். குளக்கட்டு, ஆற்றோர ஒதுக்குக் காணியில் நிற்பது உங்கள் மரமே அல்ல.

வன்னியில் இன்னொரு சங்கதி உண்டு. சண்டை நடந்த இடத்து மரங்களுக்குள் செல் துண்டும் ரவையும் கிடக்கலாம். வாள் அதில் பட்டால் பல்லுப் போகும், ஆளுக்கும் ஆபத்து. பட்டையில் பழைய தழும்பு, தேக்கின் உள்ளே கருநீலக் கறை தெரிந்தால் சந்தேகப்படுங்கள், இரும்பு பட்ட இடம் அப்படிக் கறுக்கும். அப்படிப்பட்ட குற்றிகளைப் புறம்பாக வைத்து, மறைக்காமல் சொல்லி விற்பதுதான் நல்லது. மிதிவெடி அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் ஆட்களை இறக்காதீர்கள். குழையைக் கொளுத்தவும் வேண்டாம்.

சரி, கடதாசிக்கு வருவோம். உங்களிடம் இருப்பது உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு பேமிட்டில் கொடுத்த காணியா? பேமிட் காணி என்றால் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் ஒரு மரமும் தொட முடியாது. உறுதிக்காணி அப்பாவின் பெயரில் இருந்து, அவர் இப்போது இல்லையென்றால் அக்காவும் தம்பியும் பங்காளிகள், அவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயம் வழியாக உங்களுக்கு அற்றோனித் தத்துவம் (தங்கள் சார்பில் நடக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிறகு காணிப் பத்திரம், நில அளவைப் படம், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்கும் வனவளத் திணைக்களத்துக்கும் போங்கள். அதிகாரி வந்து மரங்களைப் பார்ப்பார். தறித்த குற்றிகளில் முத்திரைச் சுத்தியல் அடிபட்ட பிறகே ஏற்றும் அனுமதி. அதுவும் பகலில்தான், மாலை 6 முதல் காலை 6 வரை மரம் ஏற்றி ஓடக்கூடாது.

இதையெல்லாம் தானே பார்ப்பேன் என்று வியாபாரி ஏன் முந்துகிறார்? நல்ல மனதாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் காணிப் பெயரில் எடுத்த கடதாசியோடு, அரச காட்டில் தறித்த முதிரையையும் சேர்த்து ஏற்றலாம். பிடிபட்டால் வன கட்டளைச் சட்டத்தின் கீழ் லொறியே பறிமுதலாகும், விசாரணை உங்கள் படலைக்கு வரும். எனவே விண்ணப்பம் உங்கள் பெயரில், மூலப் பிரதி உங்கள் கையில். ஒவ்வொரு ஏற்றத்திலும் குற்றி இலக்கத்தையும் லொறி இலக்கத்தையும் கொப்பியில் பதிந்து கையெழுத்து வாங்குங்கள்.

தறிப்பதை மாரி கழிந்து, காலபோக நெல் வெட்டி முடித்த பிறகு வையுங்கள். ஈர நிலத்தில் லொறி புதைந்தால் அந்தச் செலவும் உங்கள் விலையில்தான் விழும். நிலத்தோடு ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள், மிகப் பருத்த பகுதி அடியில்தான் இருக்கிறது. கதவு நிலைக்கு ஏழு அடியாவது வேண்டும், ஆறரை அடியில் துண்டு போட்டால் மரக்காலைக்காரர் விலையைக் குறைப்பார்.

லொறி படலையைத் தாண்டுமுன் அந்த ஏற்றத்துக்கான காசு கைக்கு வர வேண்டும். ‘அரிந்து பார்த்துத் தாறன்’ என்ற பேச்சை, செல் துண்டுச் சந்தேகத்தில் புறம்பாக வைத்த குற்றிகளுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பாதி முற்பணம் வாங்குங்கள்.