ரெப்போ சேர்க்கும் ஸ்கிரிப்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ரெப்போ என்பது மென்பொருள் பொதிகளைத் தரும் இணையக் களஞ்சியம்; அதிலிருந்து பொதிகளை இறக்கி நிறுவுவது ஆப்ட். உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் மூன்றிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பதிப்பு எண் சொல்லாத இடத்தில் உபுண்டு 24.04 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட், லினக்ஸ் மின்ட் 22-இல் 404 காட்டி, "ரிலீஸ் கோப்பு இல்லை" என்று நின்றுவிடுகிறது. ரெப்போவை மூடிவிட்டார்களா?

பதில்: ரெப்போ அப்படியேதான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் எல்எஸ்பி-ரிலீஸ் என்ற கட்டளையிடம் பதிப்பின் பெயரைக் கேட்கிறது. மின்ட் தன் சொந்தப் பெயரான 'வில்மா'வைச் சொல்கிறது. உபுண்டுவுக்காகக் கட்டிய ரெப்போவில் வில்மா என்று ஒரு ஃபோல்டர் எப்படி இருக்கும்? அங்கே இருப்பது 'நோபிள்', அதாவது மின்ட் 22-க்கு அடிப்படையான உபுண்டு 24.04-இன் பெயர். எட்சி ஃபோல்டரில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைப் படித்து, முதலில் உபுண்டு_கோட்நேம் மாறியை எடுங்கள். அது இல்லையென்றால் வெர்ஷன்_கோட்நேம். டெபியனில் முதல் மாறி கிடையாது, தானாக இரண்டாவதுக்கு இறங்கிவிடும். பெயர் கிடைத்ததும் உடனே எழுதிவிடாதீர்கள். ரெப்போ முகவரியில் டிஸ்ட்ஸ், அதற்குள் அந்தப் பெயர், அதற்குள் இன்ரிலீஸ் என்ற கோப்பு இருக்கிறதா என்று கர்ல் என்ற பதிவிறக்கக் கட்டளை மூலம் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும். இல்லாத ரெப்போவை எழுதி வைத்தால் அதன் பிறகு ஒவ்வொரு அப்டேட்டும் பிழையோடுதான் முடியும்.

கேள்வி: சூடோ போட்டு எக்கோ செய்தும், ரெப்போ பட்டியல் இருக்கும் சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டரில் எழுத அனுமதி மறுக்கப்படுகிறது.

பதில்: சூடோ தரும் ரூட் (நிர்வாகி) அதிகாரம் எக்கோவுக்கு மட்டுமே. '>' குறியைக் கையாள்வது உங்கள் ஷெல், அது சாதாரணப் பயனராக ஓடுகிறது. எக்கோவின் வெளியீட்டைப் பைப் செய்து, கோப்பில் எழுதும் 'சூடோ டீ'க்குக் கொடுங்கள்.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிகிறது. ஆனால் மென்பொருள் வரவில்லை. என்ன காரணம்?

பதில்: எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த ரெப்போ, திரையில் கடைசியாக வந்த 20 வரிகள் என்ன, இதில் ஒன்றுகூட உங்கள் கேள்வியில் இல்லை. இவை இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறை இணைத்து அனுப்புங்கள்.

'பிழையில்லாமல் முடிகிறது' என்பதை மட்டும் வைத்துச் சொல்வதானால், பிழை வந்திருக்கிறது, ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறது. மூன்று இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, பேஷ் ஸ்கிரிப்டின் தலையில் 'செட்' கட்டளையோடு ஈ, யூ, ஓ பைப்ஃபெயில் மூன்றும் இருக்கிறதா? பைப்ஃபெயில் இல்லையென்றால் பைப்பின் முதல் பாதி தோற்றாலும் கடைசிக் கட்டளை ஜெயித்தால் போதும் என்று பேஷ் நினைத்துக்கொள்ளும். இரண்டு, கர்லுக்கு சிறிய 'எஃப்' கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் சர்வர் அனுப்பும் 404 பக்கத்தின் எச்டிஎம்எல்லையே, ரெப்போவின் கையொப்பத்தைச் சோதிக்க உதவும் சாவி என்று சேமித்துவிடும். சாவிகளைப் படிக்கும் ஜிபிஜி கட்டளை "முறையான ஓபன்பிஜிபி தரவு இல்லை" என்று புலம்பினால் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், பாதி நேரம் உள்ளே ஒரு வலைப்பக்கம் இருக்கும். மூன்று, ஆப்ட்-கெட் அப்டேட் சில பதிவிறக்கத் தோல்விகளை எச்சரிக்கையாக மட்டும் காட்டிவிட்டு 0 என்றே திரும்பும். உபுண்டு 22.04 முதல் 'எரர்-ஆன்=எனி' என்ற தெரிவு இருக்கிறது; ஸ்கிரிப்டில் கட்டாயம் சேருங்கள். அப்டேட்டின் வெளியீட்டைக் கடைசி வரி வரை படியுங்கள்.

கேள்வி: டெபியன் 13-க்கு மாறினேன். 'ஆப்ட்-கீ: கட்டளை இல்லை' என்கிறது. ஒரு நண்பர், ரெப்போ வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' சேர்த்தால் சாவியே தேவையில்லை என்றார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அந்த இரண்டு சொற்கள், கையொப்பச் சோதனையையே விடு என்று ஆப்ட்டுக்குச் சொல்கின்றன. ஆப்ட் நிறுவும் ஒவ்வொரு பொதியும், தனக்குள் வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகளை ரூட்டாக ஓட்டுகிறது. அந்தப் பொதியை யார் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பதைப் பார்ப்பதற்கு இருக்கிற ஒரே காவல் இந்தச் சாவிதான். ஸ்கிரிப்ட் வேகமாக முடிய வேண்டும் என்பதற்காக அதைக் கழற்றி வைக்கச் சொல்லும் அறிவுரை இன்றும் சுற்றி வருவது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது.

சாவி சேர்க்கும் பழைய கட்டளையான ஆப்ட்-கீயை ஏன் எடுத்தார்கள் என்பது புரிந்தால் மாற்று வழியும் புரியும். அது எந்தச் சாவியையும் ஒரே பொதுக் கொத்தில் போட்டது. அந்தக் கொத்தில் உள்ள எந்தச் சாவியும் எந்த ரெப்போவுக்கும் செல்லும். ஒரு சின்ன எடிட்டருக்காக நீங்கள் சேர்த்த சாவி திருடுபோனால், டெபியனின் சொந்த ரெப்போ என்று சொல்லிக்கொண்டு வருகிற போலியையும் அது கையெழுத்திட்டுக் கொடுக்கும். டெபியன் 11, உபுண்டு 22.04 இவற்றோடு முடிகிறது என்று அதன் உதவிப் பக்கமே எச்சரித்தது. ஆனாலும் பழைய வரிகளை அப்படியே நகலெடுத்துப் பரப்புவது நிற்கவில்லை. கட்டளை இல்லை என்றதும் சாவியைத் தூக்கி டிரஸ்டட்.ஜிபிஜி.டி ஃபோல்டரில் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அதுவும் அதே பொதுக் கொத்துதான்.

சரியான வழி இது. சாவியை எட்சி, ஆப்ட், கீரிங்ஸ் ஃபோல்டரில் தனிக் கோப்பாக வையுங்கள். சோர்சஸ்.லிஸ்ட்.டி-யில் '.சோர்சஸ்' என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். அதில் ஐந்து வரி போதும்: டைப்ஸ், யூஆர்ஐஸ், சூட்ஸ், காம்போனென்ட்ஸ், சைன்ட்-பை. கடைசி வரியில் சாவிக் கோப்பின் முழுப் பாதை. இனி அந்தச் சாவி அந்த ரெப்போவுக்கு மட்டும்தான்.

இதிலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கர்ல் கொண்டுவந்த சாவி நீங்கள் எதிர்பார்த்த சாவிதானா? மென்பொருளை வெளியிடுபவரின் பக்கத்தில் உள்ள 40 எழுத்து ஃபிங்கர்பிரின்டை (சாவியின் அடையாளம்) ஒரு முறை கண்ணால் பார்த்து ஸ்கிரிப்டுக்குள் மாறிலியாக எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடும்போது சாவியைத் தற்காலிகக் கோப்பில் இறக்கி, ஜிபிஜியின் 'ஷோ-கீஸ்', 'வித்-கோலன்ஸ்' தெரிவுகளோடு படிக்கட்டும். 'எஃப்பிஆர்' என்று தொடங்கும் முதல் வரியின் 10-ஆவது புலம்தான் ஃபிங்கர்பிரின்ட். ஒத்துப்போனால் மட்டும் கீரிங்ஸுக்கு நகர்த்துங்கள். 'பப்' என்று தொடங்கும் வரிகளையும் எண்ணுங்கள்: ஒன்றுக்கு மேல் இருந்தால் கோப்பில் கூடுதல் சாவி இருக்கிறது, நிறுத்திவிட்டு என்னவென்று பாருங்கள். 8 எழுத்துக் குறு அடையாளத்தை நம்பவே கூடாது, அதே 8 எழுத்து வருகிற மாதிரி போலிச் சாவி செய்வது எளிது.

கேள்வி: சைன்ட்-பை கொடுத்திருக்கிறேன், சாவிக் கோப்பும் அங்கேயே இருக்கிறது. ஆனாலும் 'நோ_பப்கீ' (சாவி இல்லை) என்று வருகிறது.

பதில்: முதலில் அனுமதி. கையொப்பத்தைச் சோதிப்பது ரூட் அல்ல, '_ஆப்ட்' என்ற தனிப் பயனர். புதுக் கோப்பின் அனுமதியைக் கட்டுப்படுத்தும் யு-மாஸ்க் 077 என்று உள்ள கணினியில் ஸ்கிரிப்ட் எழுதும் சாவி 600 அனுமதியோடு பிறக்கும். _ஆப்ட் அதைத் திறக்க முடியாது. கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள். 'இன்ஸ்டால்' கட்டளையில் 'எம்' தெரிவோடு 0644 கொடுத்தால் நகலும் அனுமதியும் ஒரே வரியில் முடியும்.

அது சரியாக இருந்தால் கோப்பின் வால் பெயரைப் பாருங்கள். "பிகின் பிஜிபி" என்று எழுத்தாகத் தொடங்கும் சாவிக்கு '.ஏஎஸ்சி'; பைனரிக்கு '.ஜிபிஜி'. எழுத்துச் சாவியை டிஆர்மர் (பைனரியாக மாற்றுதல்) செய்யாமல் '.ஜிபிஜி' என்று சேமித்தால் ஆப்ட் ஏற்காது. பெயரை மாற்றினாலே போதும், டிஆர்மர் செய்ய வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: 'பலமுறை கான்ஃபிகர் செய்யப்பட்டுள்ளது' என்று பத்து இருபது வரி எச்சரிக்கை.

பதில்: டீக்கு 'ஏ' கொடுத்து ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே வரியை ஒட்டிக்கொண்டே போகிறீர்கள். ஒரு ரெப்போவுக்கு ஒரு கோப்பு, ஒவ்வொரு முறையும் முழுதாக மேலெழுதுங்கள். '.லிஸ்ட்' ஒன்றும் '.சோர்சஸ்' ஒன்றுமாக இரண்டு கோப்பு கிடந்தால் பழையதை நீக்குங்கள்.

கேள்வி: மொசில்லாவின் ரெப்போவைச் சேர்த்துவிட்டேன். ஆனாலும் ஆப்ட்-கெட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ் என்றால் ஸ்னாப்தான் வருகிறது.

பதில்: உபுண்டுவின் ஃபயர்பாக்ஸ் பொதி, ஸ்னாப் என்ற வேறு பொதி வடிவத்தை நிறுவும் வெறும் கூடு, அதன் பதிப்பு எண் '1:1ஸ்னாப்1' என்று தொடங்குகிறது. முன்னால் உள்ள அந்த 1-தான் எபோக், ஆப்ட் மற்ற எண்களுக்கு முன் ஒப்பிடும் பகுதி. எபோக் இல்லாத மொசில்லாவின் எண் 130 ஆனாலும் 140 ஆனாலும் ஆப்ட் கணக்கில் சின்னதுதான். இரண்டு ரெப்போவுக்கும் முன்னுரிமை 500. ஆகவே பெரிய எண் ஜெயிக்கிறது.

ப்ரெஃபரன்சஸ்.டி ஃபோல்டரில் மூன்று வரிக் கோப்பு எழுதுங்கள்: பேக்கேஜுக்கு 'ஃபயர்பாக்ஸ்*', பின்னுக்கு 'ஒரிஜின் பேக்கேஜஸ்.மொசில்லா.ஆர்க்', பின்-ப்ரையாரிட்டிக்கு 1000. ஆயிரம் தொட்டால்தான் ஆப்ட் எண்ணில் கீழே இறங்கச் சம்மதிக்கும். பேக்கேஜுக்கு வெறும் நட்சத்திரம் போட்டு அந்த ரெப்போவின் எல்லாவற்றுக்கும் 1000 கொடுக்காதீர்கள். சைன்ட்-பை, சாவி எந்த ரெப்போவுக்கு என்பதை மட்டும் கட்டுப்படுத்தும். அந்த ரெப்போ நாளை என்ன பொதி தரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இந்தப் பின் கோப்புதான். எழுதியதும் 'ஆப்ட்-கேஷ் பாலிசி ஃபயர்பாக்ஸ்' ஓட்டி, கேண்டிடேட் வரியில் மொசில்லாவின் எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். ஸ்னாப்பை நீக்கும் முன், வீட்டு ஃபோல்டரின் ஸ்னாப், ஃபயர்பாக்ஸ், காமன் வழியாகப் போய் உங்கள் ப்ரொஃபைலை நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் அதைச் செய்யாது, சேமித்த கடவுச்சொற்கள் போய்விடும்.

கேள்வி: 'ஐ386 கட்டமைப்பை இந்த ரெப்போ ஆதரிக்கவில்லை' என்று ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆபத்தா?

பதில்: இல்லை. ஸ்டீம் அல்லது வைனுக்காக ஐ386 (32-பிட்) இயக்கியிருப்பீர்கள். சோர்சஸ் கோப்பில் 'ஆர்க்கிடெக்சர்ஸ்: ஏஎம்டி64' சேருங்கள்.

கேள்வி: கணினி ஏறியதும் ஓடும் ஸ்கிரிப்ட் 'லாக்-ஃப்ரன்ட்எண்ட் கிடைக்கவில்லை' என்று விழுகிறது. லாக் கோப்பை அழித்தால் ஓடுகிறது.

பதில்: அழிக்கவே அழிக்காதீர்கள். பின்னணியில் தானாக அப்டேட் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பொதிகளை நிறுவிக்கொண்டிருக்கிறது. நடுவில் நீங்களும் புகுந்தால், பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் தரவே சிதைந்துபோகும். ஆப்ட்-கெட் இன்ஸ்டாலுக்கு 'டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=300' என்ற தெரிவைக் கொடுங்கள், ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருக்கும். ஸ்கிரிப்டில் 'ஆப்ட்' வேண்டாம், 'ஆப்ட்-கெட்' போடுங்கள்; ஆப்ட்டின் வெளியீடும் நடத்தையும் மாறலாம் என்று அதுவே எச்சரிக்கிறது. நிறுவும்போது கேள்வி கேட்காதே என்று சொல்லும் டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்=நான்இன்டராக்டிவ் என்பதைச் சூடோவுக்குப் பின்னால் எழுதுங்கள். முன்னால் எழுதினால் வழக்கமான அமைப்பில் சூடோ அதை உதிர்த்துவிடும்.

கேள்வி: பிபிஏவை நீக்கிவிட்டேன், மென்பொருள் பழைய பதிப்புக்குத் திரும்பவில்லையே?

பதில்: திரும்பாது. பிபிஏ என்பது உபுண்டுவுக்கான ஒரு தனிநபர் ரெப்போ. ரெப்போவை நீக்கினால் இனி அங்கிருந்து வராது, அவ்வளவுதான். ஏற்கெனவே நிறுவியது அப்படியே இருக்கும். நீக்கிய பிபிஏவை மறுபடி சேர்த்து, 'பிபிஏ-பர்ஜ்' நிறுவி, அந்தப் பிபிஏவின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். எதையெல்லாம் கீழே இறக்கப்போகிறது, எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று பட்டியல் காட்டும். அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு 'ஒய்' அடியுங்கள்.