நியூயார்க்கில் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ள

கேள்வி: என் தங்கை மகள் கோவையில் உணவியல், ஊட்டச்சத்துப் பாடத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வெழுதி ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தகுதியும் பெற்றவள். திருமணமாகி நியூயார்க் செல்லவிருக்கிறாள். மாநில அரசின் சான்று இல்லாமல் அங்கே உணவு ஆலோசனை வழங்கக் கூடாது என்கிறார்கள் சிலர். தேவையே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இரு சாராரும் வெவ்வேறு மாநிலங்களை மனத்தில் வைத்துப் பேசியிருக்கக்கூடும். அமெரிக்காவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாநிலமே. ஃபுளோரிடாவில் 2020 வரை, உரிமம் இல்லாதவர் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிப்பட்ட உணவு ஆலோசனை வழங்குவதே குற்றமாக இருந்தது. இப்போது அந்தத் தடை, நோய்க்காக மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் இருப்பவருக்கு ஆலோசனை வழங்குவதற்கே. கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே குடியேறிய ஆலோசகர் ஒருவர், 2017-இல் அபராதமும் விசாரணைச் செலவுமாக 750 டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. ஆலோசனை கூறுவது பேச்சுரிமை என்று அவர் தொடுத்த வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2022-இல் ஏற்கவில்லை.

நியூயார்க்கின் வழி வேறு. அங்கே மாநிலக் கல்வித்துறை வழங்குவது சான்று மட்டுமே. அது தொழிலைப் பூட்டி வைப்பதில்லை, பட்டப்பெயரைத்தான் காக்கிறது. ‘சான்று பெற்ற டயட்டீஷியன்’, ‘சான்று பெற்ற நியூட்ரிஷனிஸ்ட்’ என்னும் பெயர்களைச் சான்றில்லாதவர் பயன்படுத்தக் கூடாது என்பதே சட்டம். வெறும் ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதை அது தடுப்பதில்லை. பலகையில் ‘சான்று பெற்ற’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை நோயாளியின் தலையில் கட்டும் இந்த ஏற்பாடு எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. என்றாலும், புதிதாகச் செல்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: சான்று கைக்கு வரும்வரை, அந்தப் பெயர்களைத் தவிர்த்து, பொதுவான உணவு ஆலோசனை வழங்கத் தடையில்லை.

அச்சான்றுக்கு, இத்துறையில் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையென்று கல்வித்துறை ஏற்கும் படிப்போ வேண்டும். 800 மணி நேரத்துக்குக் குறையாத, திட்டமிட்ட தொடர் பயிற்சியும் வேண்டும். ஏற்கப்பட்ட தேர்வொன்றிலும் தேற வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

குழப்பம் பெரும்பாலும் ஆர்.டி. என்ற இரண்டெழுத்தில்தான் வருகிறது. உங்கள் தங்கை மகளிடம் இருப்பது இந்தியச் சங்கம் தந்தது. அமெரிக்காவில் அதே எழுத்துகளை வழங்குவது வேறோர் அமைப்பு, இந்திய ஆர்.டி. அங்கே அமெரிக்க ஆர்.டி. ஆகிவிடாது. அந்த அமைப்பு 2024 ஜனவரி 1 முதல் தன் தேர்வை எழுதவே முதுகலைப் பட்டம் கேட்கிறது. எம்.எஸ்ஸி. இருப்பது நல்லதே, ஆனால் அதன் இணைத்தன்மையை மதிப்பிடச் செய்து, விடுபட்ட பாடங்களையும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியையும் அங்கே முடிக்க வேண்டியிருக்கும். மருத்துவமனை வேலையே நோக்கமென்றால், அரசு சான்றோடு நிற்காமல் அமெரிக்க ஆர்.டி. தகுதியையும் பெற்றுவிடுவது உசிதம். வேலை தருபவர்கள் பெரும்பாலும் அதையே கேட்பார்கள்.

விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பது தனிக் கேள்வி. எந்த மாநிலச் சான்றும் அதற்கு ஈடாகாது. அதுபோலவே, நியூயார்க்கில் இருந்துகொண்டு ஃபுளோரிடாவில் உள்ளவருக்குக் காணொளி வழியே ஆலோசனை சொன்னால், கேட்பவர் இருக்கும் மாநிலத்தின் சட்டம் குறுக்கிடும்.

புறப்படும் முன், பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும், பயிற்சி பெற்ற மருத்துவமனையிலிருந்து மணிக்கணக்கைக் குறிப்பிடும் கடிதத்தையும் முத்திரையுடன் வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடல் கடந்த பிறகு அவற்றை வாங்குவது பெரும்பாடு.