வீட்டில் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. தியானக் குழுவுக்குப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருவர் செவ்வாய்தோறும் மாலையில் தியானக் குழுவுக்குப் போகிறார். திக் நாட் ஹான் என்ற வியட்நாமியப் பௌத்தத் துறவியின் வழிவந்த குழுவாம். என்னையும் கூப்பிடுகிறார். எனக்கு முட்டி வலி. வீட்டில் கண்ணை மூடினால் மளிகைக் கணக்குதான் ஓடுகிறது. வட்டமாக உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேசச் சொல்வார்களாம். நான் முருகனைக் கும்பிடுகிறவள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். முதலில் முட்டி. நாற்காலி கேட்டு வாங்குங்கள், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். முதுகைச் சாய்க்காமல் சற்று முன்தள்ளி உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில் படியட்டும். நான் முதல் நாள் வீம்புக்குச் சம்மணம் போட்டேன். எழுந்தபோது இடது கால் மரத்துப்போய், பக்கத்துப் பெரியவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஷூவைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள், சாக்ஸில் ஓட்டை வேறு.

உட்கார்ந்த பிறகு நடைத் தியானம் இருக்கும். மூச்சை இழுக்கையில் ஓர் அடி, விடுகையில் ஓர் அடி. அவ்வளவு மெதுவாக நடந்தால் ஒற்றைக் காலில் எடை நிற்கும். வலித்தால் உட்கார்ந்தே இருங்கள்.

மளிகைக் கணக்கு ஓடுவது கோளாறு இல்லை. இந்தப் பயிற்சிக்குப் பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் 'ஸதி' என்று பெயர், வடமொழியில் ஸ்மிருதி. அதாவது நினைவு. (தமிழில் 'சதி' என்று எழுதினால் வேறு வம்பு!) மனதைத் துடைத்துக் காலியாக்கும் வேலையே இதில் கிடையாது. பருப்பு விலைக்குப் போய்விட்டோம் என்று நினைவு வந்ததும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மூச்சைக் கவனிப்பது பற்றிப் புத்தர் சொன்ன ஆனாபானஸதி சூத்திரம் தொடக்கத்தில் சொல்வதும் எளிமையானது: மூச்சு நீளமாக இருந்தால் நீளம் என்று அறி, குறுகியிருந்தால் குறுகியது என்று அறி. மாற்றச் சொல்லவில்லை.

அப்படியானால் குழு எதற்கு? வீட்டில் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்துவிடுவீர்கள். அங்கே பத்துப் பேர் அசையாமல் இருக்கும்போது எழ வெட்கமாக இருக்கும். குழு செய்யும் பெரிய உதவி அந்த வெட்கம்தான் என்பேன். இன்னொன்று மணி. வெண்கலக் கிண்ணம் போலிருக்கும். மணியை 'அடிக்கிறோம்' என்று சொல்லாமல் 'அழைக்கிறோம்' என்பார்கள். முதலில் கோலை விளிம்பில் அழுத்தி ஓர் அரை ஒலி, மணியை எழுப்பிவிட. பிறகு முழு ஒலி. அது அடங்கும்வரை எல்லோரும் மூச்சோடு இருப்பார்கள்; பேசிக்கொண்டிருப்பவர்கூடப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். முதல் தடவை சிரிப்பு வரலாம்.

பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பேச நினைப்பவர் கைகூப்புவார், மற்றவர்களும் கூப்புவார்கள். முடித்ததும் மறுபடி ஒரு கும்பிடு. நடுவில் குறுக்கிடக் கூடாது, அறிவுரையும் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்குச் சோதனையே இங்கேதான்: ஒருவர் தூக்கம் வரவில்லை என்றதும் 'கசகசா அரைத்துப் பாலில் குடியுங்கள்' என்று நாக்கு நுனிவரை வரும். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது வழக்கம். ஆனாலும் உங்கள் தோழி அதே வட்டத்தில் இருப்பார். ஆபீஸ் சங்கதிகளை முதல் சில வாரங்களுக்குத் தொடாதீர்கள்.

முருகனை விட வேண்டியதில்லை. 1926இல் வியட்நாமில் பிறந்து, 1982இல் பிரான்சில் பிளம் வில்லேஜ் என்ற மடத்தைத் தொடங்கி, 2022இல் மறைந்த திக் நாட் ஹான், தன்னிடம் வந்த கிறிஸ்தவர்களிடமும் யூதர்களிடமும் சொந்த வேரை அறுக்காதீர்கள் என்றே சொல்லிவந்தார். கொல்லாமை, திருடாமை போன்ற ஐந்து ஒழுக்கப் பயிற்சிகளைச் சில நாள் வாசிப்பார்கள். கேட்டால் போதும், ஏற்பது அவரவர் விருப்பம். காஞ்சியில் மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்ட கதை நம்முடையதுதானே.

பணம் பெரும்பாலும் உண்டியலில் விருப்பப்படி போடுவதுதான். யாராவது பணத்துக்கு நெருக்கினாலோ, மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கண்ணை மூடியதும் படபடப்போ பழைய துயரமோ பொங்கினால், கண்ணைத் திறந்து தரையைப் பாருங்கள், பாதத்தைக் கவனியுங்கள், தேவையானால் வெளியே போங்கள். மனநலச் சிகிச்சையில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்; குழுவை நடத்துபவரிடமும் சொல்லிவையுங்கள். செவ்வாய் அன்று பத்து நிமிடம் முன்னதாகவே போனால், நாற்காலி போடும்போதே முட்டி விஷயத்தையும் சொல்லிவிடலாம்.